கடைக்குள் ஒரு கமரா: அவதானிப்பு விவரணப்படம் ஓர் அறிமுகம்

விவரணப்படம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் காட்டப்படும் வனவிலங்குப் படங்களே. பின்னணியில் கம்பீரமான ஒரு குரல் பேசிக்கொண்டேயிருக்கும். சிங்கம் ஏன் பதுங்குகிறது, மான் ஏன் ஓடுகிறது என்று எல்லாவற்றையும் அந்தக் குரலே நமக்குச் சொல்லிவிடும். நாமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

ஆனால் அந்தக் குரலே இல்லாத விவரணப்படங்களும் இருக்கின்றன. அவற்றில் யாரும் விளக்கம் சொல்வதில்லை. யாரும் கேள்வி கேட்பதில்லை. அழவைப்பதற்கென்று இசையும் சேர்ப்பதில்லை. ஒருவர் தம்முடைய அன்றாட வேலையைச் செய்துகொண்டிருப்பார். கமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தகைய படங்களே 'அவதானிப்பு விவரணப்படங்கள்' எனப்படுகின்றன.

உயர்தர வகுப்பில் ஊடகப் பாடத்தைக் கற்கும் எங்களுக்கு, சென்ற விடுமுறையில் ஆசிரியை ஒரு பயிற்சியைத் தந்தார். தொழில் செய்யும் ஒருவரை ஒரு நாள் முழுவதும், எதுவும் கேட்காமல், அவதானித்து வர வேண்டும். நான் டயகமவில் உள்ள என் மூத்தாப்பாவின் பலசரக்குக் கடையைத் தெரிவு செய்தேன். முதல் ஒரு மணித்தியாலத்தின் பின் என் கொப்பியில் இருந்தது ஒரேயொரு வசனம்: "விசேடமாக ஒன்றும் நடக்கவில்லை." அந்த வசனம் எவ்வளவு பிழையானது என்பதை மாலையில்தான் விளங்கிக்கொண்டேன். அதை விளங்கவைத்த கலையைப் பற்றியதே இக்கட்டுரை.

விவரணப்படத்தின் தொடக்கம்

1922 இல் றோபேட் ஃபிளாஹெர்ட்டி என்பவர் கனடாவின் பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி 'நனூக் ஒஃப் த நோர்த்' என்ற படத்தை வெளியிட்டார். அதில் வணிகர் ஒருவரின் கடைக் காட்சியொன்று வருகிறது. தோல் விற்க வந்த நனூக், கிராமபோன் இசைத்தட்டைக் கையில் வாங்கி, இது என்னவென்று தெரியாதவர்போல் பல்லால் கடித்துப் பார்ப்பார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். உண்மையில் அவருக்குக் கிராமபோன் என்றால் என்னவென்று தெரியும். படத்திற்காக அவ்வாறு நடிக்கவைக்கப்பட்டார் என்பது பின்னர் தெரியவந்தது. கடையின் மேசைக்கு முன்னால் நிற்கும் ஒரு மனிதரைக் கமரா எவ்வளவு இலேசாக அறியாதவர் ஆக்கிவிடலாம் என்பதற்கு இது பழைய உதாரணம்.

1926 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் கிரியெர்சன், ஃபிளாஹெர்ட்டியின் 'மோனா' என்ற மற்றொரு படத்திற்கு எழுதிய விமர்சனத்தில் 'டொக்கியுமென்டரி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதிலிருந்தே இவ்வகைப் படங்களுக்கு அப்பெயர் நிலைத்தது.

அதே கிரியெர்சனின் குழுவைச் சேர்ந்த பசில் றைட் 1934 இல் நம் நாட்டுக்கு வந்து 'சோங் ஒஃப் சிலோன்' என்ற புகழ்பெற்ற படத்தை எடுத்தார். அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை, நம் நாட்டின் நிழற்படக் கலைஞர் லயனல் வென்ற் பின்னணியில் வாசித்தார். 1935 இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் இப்படம் முதற்பரிசைப் பெற்றது.

நான்கு பகுதிகளைக் கொண்ட அப்படத்தின் மூன்றாம் பகுதியின் பெயர் 'வணிகத்தின் குரல்கள்'. தொழிலாளர் உழைப்பதைத் திரை காட்டும்; அதே வேளை சந்தை விலைகளும் கப்பல் விபரங்களும் ஆங்கிலக் குரல்களாக ஒலிக்கும். வணிகம் எவ்வளவு தூரத்திலிருந்து இவர்களின் கைகளை ஆட்டுவிக்கிறது என்பதை இயக்குனர் அழகாக உணர்த்தினார். ஆனாலும், உழைப்பவரின் சொந்தப் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. அவர்கள் காணப்படுகிறார்கள், பேசுபவர்கள் வேறு யாரோ.

குரல் விலகிய காலம்

ஒருவரின் பேச்சை அவர் வேலை செய்யும் இடத்திலேயே பதிவுசெய்ய அக்காலத்தில் வசதி குறைவு. கமராக்கள் பாரமானவை. ஒலிப்பதிவுக் கருவியை ஏற்றிச்செல்ல ஒரு வாகனமே தேவைப்படும். 1960ஆம் ஆண்டளவில் இந்நிலை மாறியது. தோளில் வைக்கக்கூடிய 16 மில்லிமீற்றர் கமராக்களும், கையில் தூக்கிச்செல்லக்கூடிய ஒலிநாடாப் பதிவுக்கருவிகளும் வந்தன. அமெரிக்காவில் றோபேட் ட்ரூ குழுவினர் 1960 இல் 'பிரைமரி' என்ற படத்தை எடுத்தனர். ஜோன் எஃப். கெனடியும் ஹியூபேர்ட் ஹம்ஃப்ரியும் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபட்டதை அக்கமரா அவர்களின் பின்னாலேயே நடந்து சென்று காட்டியது.

இம்முறையில் மிக நீண்ட காலம் உழைத்தவர் ஃபிரெடெரிக் வைஸ்மன். அவரது படங்களில் பேட்டி இல்லை, வர்ணனை இல்லை, சேர்க்கப்பட்ட இசை இல்லை. பல வாரங்கள் ஓரிடத்தில் இருந்து பல மணித்தியாலக் காட்சிகளைச் சேகரிப்பார். பின்னர் மாதக்கணக்கில் இருந்து அவற்றைத் தொகுப்பார். அப்படியானால் அவதானிப்பு விவரணப்படத்தில் இயக்குனரின் கருத்தே இல்லையா? இருக்கிறது. எங்கே கமராவை வைப்பது, எப்போது நிறுத்துவது, எதை வெட்டுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்ற தெரிவுகளில் அது இருக்கிறது. சொல்லாமல் சொல்வது என்று நம் முன்னோர் கூறுவது இதைத்தான்.

அமெரிக்க ஆய்வாளர் பில் நிக்கல்ஸ் விவரணப்படங்களை ஆறு வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் அவதானிப்பு முறையும் ஒன்று. பார்வையாளரே பார்த்து, கேட்டு, முடிவுக்கு வர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

கடைகளைப் பார்த்த இரண்டு படங்கள்

சாதாரணக் கடைக்காரர்களைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் மிகவும் பேசப்படுவது அன்யேஸ் வர்தா என்ற பெண் இயக்குனரின் 'டகெரொடைப்'. 1970களின் நடுப்பகுதியில் எடுக்கப்பட்டது. பாரிஸ் நகரில் தாம் வசித்த டகெர் வீதியில் இருந்த பாண் கடை, இறைச்சிக் கடை, தையற் கடை, வாசனைத் திரவியக் கடை ஆகியவற்றையே அவர் படமாக்கினார். அப்போது அவருக்குச் சிறு குழந்தை இருந்தது. வீட்டை விட்டுத் தூரம் போக முடியாது. எனவே தம் வீட்டிலிருந்து மின்சார வயரை இழுத்துக்கொண்டு, அந்த வயர் எட்டும் தூரத்துக்குள் இருந்த கடைகளை மட்டும் படம்பிடித்தார். குழந்தை இருப்பதனால் வேலை செய்ய முடியாது என்று அவர் நினைக்கவில்லை. கயிறு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்குள் ஓர் உலகம் இருக்கிறது என்று நினைத்தார். மாணவிகளாகிய நாம் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வர்தா முழுமையாக மௌனமாக இருந்தவர் அல்லர். நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எப்போது வந்தீர்கள் என்று ஒவ்வொரு கடைக்காரரிடமும் கேட்டார். பதில்கள் வியப்பூட்டின. பாரிஸ்காரர்கள் என்று எல்லோரும் எண்ணியிருந்தவர்களில் பெரும்பாலானோர் வேறெங்கிருந்தோ பிழைப்புத் தேடி அங்கு வந்தவர்கள். படத்தில் மறக்க முடியாதவர் வாசனைத் திரவியக் கடைக்காரரின் வயது முதிர்ந்த மனைவி. அதிகம் பேசமாட்டார். பொழுது சாயும் நேரத்தில் எங்கோ புறப்படுபவர்போல் வாசலுக்கு வருவார். மீண்டும் உள்ளே செல்வார். அதற்கு யாரும் விளக்கம் கூறுவதில்லை. விளக்கம் இல்லாததனாலேயே அது மனதில் நிற்கிறது.

மற்றையது வைஸ்மன் 2015 இல் வெளியிட்ட 'இன் ஜக்சன் ஹைட்ஸ்'. நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் பல நாட்டுக் குடியேறிகள் வாழும் ஊர் அது. வாடகை உயர்வதாலும் பெரிய நிறுவனங்கள் வருவதாலும் தம் கடைகள் பறிபோய்விடுமோ என்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிறு கடைக்காரர்கள் கூடிப் பேசுவதை அப்படம் காட்டுகிறது. தேடி வந்த ஊரில் இருபது வருடம் கடை வைத்திருந்தாலும், இடம் சொந்தமாகிவிடுவதில்லை என்பது அவர்களின் முகங்களில் தெரிகிறது.

டயகமவுக்கு வந்தவர்கள்

இவற்றைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக வரும் பஸ், தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி டயகமவுக்கு வந்து சேரும். அதற்கு அப்பால் ஹோட்டன் சமவெளி. பஸ் நிற்கும் இடத்தில்தான் கடைகள்.

தோட்ட மக்களின் முன்னோர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து வரத் தொடங்கினர். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றனர். அவர்களுக்குப் பின்னால் வணிகர்களும் வந்தனர். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்கள் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாக எண்ணப்பட்டனர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின் பயணம் இலகுவானது. என் மூத்தாப்பாவின் வாப்பா கீழக்கரையிலிருந்து அவ்வழியாக வந்தவரே.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் நாடற்றவர் ஆயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விடயம் 1974 இல் தீர்க்கப்பட்டது. அக்காலத்தில் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்களாம். போகும் முன் கடைக்கு வந்து கணக்குத் தீர்த்துவிட்டுப் போனார்கள் என்று மூத்தாப்பா சொல்வார். கையில் காசில்லாதவர்கள் பித்தளைக் குடத்தையோ கோழியையோ கொடுத்துச் சென்றார்களாம். "ஊர விட்டுப் போற மனிசன் கடனோட போகக் கூடாதுன்னு நெனச்சாங்க மகள்" என்பார்.

ஆகவே எங்கள் கடையின் மேசைக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் ஒரே கடலைக் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு பக்கத்தவர் கொழுந்து பறிக்க வந்தனர். மறுபக்கத்தவர் அரிசி விற்க வந்தனர். இருந்தும் எங்களை அவர்கள் 'நானா கடைக்காரர்' என்பார்கள். நாங்கள் அவர்களைத் 'தோட்டத்து ஆட்கள்' என்போம்.

ஒன்றும் நடக்காத நாள்

இனி அந்த நாளுக்கு வருகிறேன். சுபஹ் தொழுதுவிட்டு, ஐந்தரை மணிக்கு மூத்தாப்பா கடைப் பலகைகளைக் கழற்றினார். வெளியே பனிமூட்டத்தில் எதிர்க்கடை தெரியவில்லை. முதல் பஸ்ஸில் பாண் வந்தது. பிரட்டுக்குப் போகும் பெண்கள் வெற்றிலை வாங்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் பென்சிலும் பிஸ்கட்டும் வாங்கினார்கள். பத்து மணிக்குப் பின் கடை வெறிச்சோடியது. லுஹருக்குப் பின்னறையில் முஸல்லாவை விரித்தார். நாலரைக்குப் பின் மீண்டும் கூட்டம்: கோதுமை மா, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், தொலைபேசிக்கு ரீலோட்.

பிற்பகலில்தான் என் கண் திறக்கத் தொடங்கியது. சிலர் கேட்பதற்கு முன்னரே மூத்தாப்பா பொருளை எடுத்து வைத்தார். ஓர் அக்கா வந்து நின்றார், வாய் திறக்கவில்லை. மூத்தாப்பா இரண்டு கிலோ மாவை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மேசைக்குக் கீழே இருந்த நீளக் கொப்பியில் ஏதோ எழுதினார். அந்த அக்கா நிமிர்ந்து பார்க்காமல் போனார். இவ்வளவுதான் நடந்தது. வெளியிலிருந்து வருபவருக்கு இது ஒன்றுமே இல்லை.

பின்னர் விபரம் அறிந்தேன். கொழுந்து குறைந்த காலத்தில், நிர்ணயித்த கிலோவைப் பறிக்க முடியாவிட்டால் சில தோட்டங்களில் 'அரைப் பேர்' மட்டும் போடுவார்கள். அதாவது பாதிச் சம்பளம். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டபோதும், எத்தனை நாள் முழுப் பேர் விழுகிறது என்பதில்தான் மாத வருமானம் தங்கியுள்ளது. எந்த மலையில் கொழுந்து குறைந்தது என்பது கொப்பியைப் பார்த்தாலே மூத்தாப்பாவுக்குத் தெரிந்துவிடும். மீன் ரின் வாங்கியவர் கருவாட்டுக்கு வருவார். கருவாடு வாங்கியவர் பருப்போடு நிறுத்துவார். 2022 நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது அந்தக் கொப்பி ஒன்று இரண்டானது. கேட்க வாய் கூசும் என்பதால்தான், கேட்கும் முன்னரே அவர் எடுத்து வைக்கிறார்.

நான் செய்த பிழை

அன்று நான் கைத்தொலைபேசியில் சில காட்சிகளைப் பதிவுசெய்திருந்தேன். மூத்தாப்பாவிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். இரவில் வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து பார்த்தோம். நீளக் கொப்பி வந்த இடத்தில் என் மாமாவின் மகள் படத்தை நிறுத்தி, எழுத்துக்களைப் பெரிதாக்கி, ஒரு பெயரை வாசித்தாள். "ஆ, இவங்களுக்கு இவ்வளவு கடனா?" அந்தப் பெயர் எங்களுடன் சிறுவயதில் விளையாடிய ஒருத்தியின் தாயுடையது. அவர்தான் அந்த மௌனமான அக்கா.

மூத்தாப்பா கோபிக்கவில்லை. "மகள், கட என்ட. அந்தக் கொப்பி என்ட இல்ல. அது அவங்கட அமானிதம்" என்றார். நான் உடனே அந்தக் காட்சியை அழித்தேன்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனைப் பற்றியது (2:282). கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு அது பணிக்கிறது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னர், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும், அதைத் தர்மமாக விட்டுவிடுவது சிறந்தது என்றும் கூறப்படுகிறது (2:280). இவற்றை நான் பல தடவை ஓதியிருக்கிறேன். எழுதிவைப்பது உரிமையைப் பாதுகாக்க. ஊருக்குக் காட்டுவதற்கு அல்ல என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நான் கடைக்காரரிடம் அனுமதி கேட்டேன். மேசைக்கு மறுபக்கம் நின்றவரிடம் கேட்கவில்லை. இப்பிழையைப் பற்றிய விவாதம் சினிமா உலகில் பெரியது. வைஸ்மன் 1967 இல் எடுத்த முதற்படமான 'டிடிகட் ஃபொலிஸ்', மனநலம் குன்றிய கைதிகள் வைக்கப்பட்டிருந்த நிலையத்தைப் பற்றியது. அங்கு நடந்த கொடுமைகளை அது வெளிக்கொணர்ந்தது. ஆயினும் கைதிகளின் தனிமை மீறப்பட்டது என்ற காரணத்தால் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு நீதிமன்றம் தடைவிதித்தது. அத்தடை 1991 வரை நீடித்தது. உண்மையைக் காட்டும் உரிமைக்கும் ஒருவரின் மானத்துக்கும் இடையே எங்கே கோடு போடுவது? இதற்கு இலகுவான பதில் இல்லை. ஆனால் அக்கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளாமல் கமராவைத் தூக்கக் கூடாது.

நாமும் செய்யலாம்

இன்று நம் எல்லோருடைய கையிலும் கமரா இருக்கிறது. றோபேட் ட்ரூவின் குழுவினர் பெரும்பாடுபட்டுப் பெற்ற வசதி நமக்குச் சட்டைப்பைக்குள் கிடைத்துவிட்டது. அவதானிப்பு விவரணப்படம் ஒன்றைச் செய்ய விரும்பும் மாணவிகளுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூறுகிறேன்.

முதல் நாள் எதையும் பதிவுசெய்யாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். வர்தா தம் வீதிக் கடைகளில் இருபது வருடங்களுக்கு மேல் சாமான் வாங்கிய பின்னர்தான் அங்கே கமராவைக் கொண்டுசென்றார். இரண்டாவது, வேலையின் ஓசைகளைக் கவனியுங்கள். பலகை திறக்கும் சத்தமும் சில்லறை எண்ணும் சத்தமும் பேட்டி சொல்லாததைச் சொல்லும். மூன்றாவது, ஒரு காட்சியை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பத்து விநாடி பார்த்தால் ஒன்றும் நடக்காதது, இரண்டு நிமிடம் பார்த்தால் நடக்கும். நான்காவது, படத்தில் வரும் ஒவ்வொருவரிடமும் அனுமதி பெறுங்கள். முடிந்த படத்தை முதலில் அவர்களுக்கே காட்டுங்கள். வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கமராவோடு உங்கள் கடைக்கோ வயலுக்கோ தையல் இயந்திரத்தின் அருகிலோ வந்து உட்கார்ந்தால், "இதில் என்ன இருக்கிறது எடுக்க?" என்று விரட்டிவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்து கடை வைத்தவர்களைப் பற்றி நம் நாட்டில் இலகுவாகப் பேசிவிடுகிறார்கள். கொள்ளை இலாபக்காரர் என்று ஒரு வார்த்தை. அந்நியர் என்று ஒரு வார்த்தை. 1983 யூலையில் மலையக நகரங்களில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. ஒரு கடைக்குள் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பார்த்தவருக்கு அந்த வார்த்தைகளைச் சொல்வது கடினமாகிவிடும். கடைக்காரர் எல்லோரும் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் பிழை செய்பவர்களும் உண்டு. அதையும் கமரா பார்க்கும். கேட்டதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் பார்த்ததைக் கொண்டு பேசுவோம் என்பதே நான் கூறவருவது.

அடுத்த விடுமுறையில் மீண்டும் டயகமவுக்குப் போவேன், இன்ஷா அல்லாஹ். அந்த அக்காவிடம் போய், கொழுந்து மலையில் ஒரு நாள் அவருடன் இருக்கலாமா என்று கேட்கப்போகிறேன். மேசையின் இந்தப் பக்கத்தை மட்டும்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். அவர் சம்மதித்தால் கமராவுடன் போவேன். இல்லையென்றால் அது இல்லாமலே போவேன்.